இரண்டு பிரபஞ்சம், ஒரு நெற்றி

காலை நாலு மணி, பர்னபி.
உள்ளே வா என்று யாரும் சொல்லாத ஆள் மாதிரி
ட்ரெய்லர் கூரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது மழை.
என் விரலெல்லாம் பசை.
நாற்காலியில் தர்மகுலசிங்கம்.
டைட்டிலில் அவர் டி. கே. சிங்,
இந்த ஒரு வாரத்துக்கு மட்டும்
ஏழாம் நிலவின் தூதர்.

நெற்றியில் மூன்று மேடு, மூக்குத் தண்டில் செதில்.
காதுகளை முந்தின இரவே துடைத்து
பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன்.
"கடிக்காதை" என்றார் ஒரு காதிடம்.
அதற்குமேல் பேச்சில்லை.
ரப்பர் காயும்வரை வாய் அசையக் கூடாது.

தூதனைக் கொல்லக் கூடாது என்பது
நம் ஆட்களின் பழைய நீதி.
இங்கே முதல் விளம்பர இடைவேளைக்குள்
கொன்றுவிடுவார்கள்.

பிட் மெடோஸ் பக்கம் ஒரு கல் குவாரி.
எல்லாக் கிரகமும் அதுதான்.
செவ்வாய்க்கிழமை பனிக்கோள், வெள்ளிக்கிழமை எரிமலை.
தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் மட்டும் மாறுவதில்லை.

சாகும்போது உங்கள் பாஷையில்
ஏதாவது சொல்லுங்கள் என்றார் இயக்குநர்.
உங்கள் என்றால், நிலவினுடைய.
எழுதித் தரவில்லை.
சேற்றில் மல்லாந்து, வயிற்றில் நீல ரத்தம் பொங்க,
கப்பல் தலைவனின் சட்டையைப் பற்றி,
மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்:
"அடுப்பை நூத்தனானோ தெரியேல்லை."

தலைவனுக்குக் கண் கலங்கியது.
நடிப்பில்லை என்று பிறகு அவனே சொன்னான்.
எங்கள் தென்காசியில் அடுப்பை அணைப்போம்,
நூர்ப்பதில்லை.
ஆனாலும் புரிந்துவிட்டது.
மானிட்டருக்குப் பின்னால்
துணிக் கிளிப் ஒன்றைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ரசிகர்கள் அதற்குப் பொருள் கண்டார்கள்:
என் நிலவை உன் கையில் தருகிறேன்.
ஒட்டாவாவில் ஒருத்தி
தோளில் பச்சை குத்திக்கொண்டாள்,
ஒரு எழுத்துப் பிழையோடு.

தொடர் நின்றது.
நான் அதே தெருவில் எதிர்ச்சாரிக்குப் போனேன்.
அங்கே வேறு பிரபஞ்சம், வேறு போர்.
இரண்டின் ரசிகர்களும்
ஒருவரை ஒருவர் மனிதராகவே மதிப்பதில்லை.
வண்டி நிறுத்தும் இடம் ஒன்றுதான்.

கூடு விட்டுக் கூடு பாய்வது பெரிய வித்தை என்பார்கள்.
அவருக்கு அது பஸ் மாறுகிற மாதிரி.
ஒரு பஸ்ஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில்
ஒன்பது வருஷம், சர்ரேயில் இன்சூரன்ஸ் விற்றார்.

அவர் முகத்தின் பிளாஸ்டர் அச்சு என்னிடம் இருந்தது.
முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டு ஓட்டிவந்தேன்.
சிக்னலில் ஒரு குழந்தை அதற்குக் கை காட்டியது.
அச்சுக்கு வயது நாற்பத்தொன்று.
அதில் வார்த்த புது முகம்
அவர் கன்னத்தில் உட்காரவில்லை.
உள்ளே பஞ்சு வைத்து இட்டு நிரப்பினேன்.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்தமுறை சாகவேண்டாம்.
செவுள் உள்ளவர்களின் தலைமை நீதிபதி,
போருக்குப் போகும் படையை ஆசீர்வதிக்க வேண்டும்,
தொன்மையான மொழியில்.
இதையும் யாரும் எழுதவில்லை.

நாற்பது துணைநடிகர்கள் முழந்தாளிட,
இரண்டு கையையும் உயர்த்தி,
கேமராவைத் தாண்டி என் பக்கம் பார்த்து
முழங்கினார்:
"நூத்துப்போட்டுத்தான் வந்தனான்,
பயப்பிடாதை."

என் சிரிப்பில் முதல் டேக் கெட்டது.
ஒலிப்பதிவாளர் முறைத்தார்.
இரண்டாவது டேக்கில் அதையே
இன்னும் உருக்கமாகச் சொன்னார்.

இரவு, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து
செவுள்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது கேட்டேன்:
அன்றைக்கு நிஜமாகவே அணைத்திருந்தீர்களா?

கண்ணை மூடியே இருந்தார்.
"எங்கை. பருப்பு.
சட்டியோட போச்சுது."

பஞ்சை மாற்றினேன்.
இடது காது இன்னும் வரவில்லை.